கடல்பாசி கேப்சூல் சாப்பிட்டால் தைராய்டு, மூட்டுவலி சரியாகுமா?

தைராய்டுக்கு என்று வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

ராமநாதபுரம் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி கவுன்ட்டருக்கு அடிக்கடி வரும். ஒருமுறை வீட்டுக்குள்ளேயே வந்தது. பெரியம்மா தைராய்டு குறைவாகச் சுரப்பதற்குத் தைராக்ஸின் 25 மாத்திரை போடுபவர். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி, ஆன்லைனில் கெல்ப் என்ற கடல்பாசி மாத்திரை வரவழைத்து, என்னிடம் மூச்சுவிடாமல் இரண்டு மாதம் விழுங்கியிருக்கிறார். அடுத்த டெஸ்ட்டில் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பது குறையக் குறைய ரத்தத்தில் ஏறும் அளவு) 3-லிருந்து 11-க்கு ஏறியிருந்தது. "அயோடின்தானேடா, உப்புல இல்லாததா?" என்று என்னையே மடக்கினார்.

உப்பில் இருக்கிறதே, அதுதான் விஷயம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். அயோடின் சேர்த்த சமையல் உப்பிலேயே ஏறக்குறைய வந்துவிடும். கெல்ப் என்ற பழுப்புப் பாசியோ கடலிலிருந்து அயோடினை இழுத்துச் சேர்த்து வைப்பது. 1811-ல் அயோடினைக் கண்டுபிடித்ததே பாசிச் சாம்பலில்தான். காய்ந்த கெல்ப் ஒரு கிராமில் பல நாள் அளவு இருக்கலாம். இன்று நாம் பார்க்கும் தைராய்டு குறைசுரப்பில் பெரும்பாலானது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. அதன்மேல் அயோடினைக் கொட்டினால் சுரப்பி இன்னும் படுத்துவிடும். பெரியம்மாவுக்கு கெல்ப் மாத்திரையை நிறுத்திய பிறகு டிஎஸ்எச் இறங்கியது.

அதற்காகக் கடல்பாசியே வேஸ்ட் என்று சொல்லவில்லை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் சில சிரப்பில் இருக்கும் சோடியம் ஆல்ஜினேட் பழுப்புப் பாசிச் சரக்குதான். வயிற்று அமிலம் பட்டதும் அது கொழகொழவென்று உறையும். கூடவே இருக்கும் சோடா உப்பிலிருந்து வரும் வாயு அதற்குள் சிக்கி, மொத்தமும் தெப்பம் மாதிரி அமிலத்துக்கு மேலே மிதக்கும். மேலே எதுக்களித்து வருவதை மறிக்கும். சாப்பிட்ட பிறகு குடிக்கச் சொல்வது இதனால்தான். நீர் கசியும் புண்ணுக்குக் கட்டும் டிரெஸ்ஸிங்கிலும் இதே ஆல்ஜினேட் உண்டு. இதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

மூட்டுவலிக்கு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே பாசியிலிருந்து கேப்சூல் தயாரித்து, தொழில்நுட்பத்தைக் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறது. துணை உணவாக விற்கிறார்கள். சாப்பிடுகிறவர்களைத் தடுக்க மாட்டேன். டாக்டர் எழுதிய மருந்தை நிறுத்திவிட்டு இதை எடுக்கிறேன் என்றால் மட்டும் விற்க மாட்டேன்.

பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் ஃபியூகாய்டன் என்ற பொருள் புற்றுநோயைக் கரைக்கும் என்பார்கள். சோதனைக் குழாயிலும் எலியிலும் பார்த்ததை வைத்துக் கட்டிய கதை அதில் பாதிக்கு மேல். ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணமும் அதற்கு உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாதிரி மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் காய்ச்சும் கடல்பாசி வேறு சமாச்சாரம். அது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர். கெல்ப் அளவுக்கு அயோடின் கிடையாது. குடலில் செரிக்காத நார், மலச்சிக்கலுக்குக் கொஞ்சம் உதவும். இளநீர் ஊற்றிக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும். பெரியம்மா இப்போது இதோடு நிறுத்திக்கொள்கிறார், சர்க்கரையைத்தான் அள்ளிப் போடுகிறார்.