ஸ்காபரோ கிரெடிட்டும் காலி வீதி விளம்பரத் தாளும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் தம்பியின் மகள் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கல்லூரிக் கிரெடிட் (ஒரு பாடத்தைப் படித்து முடித்தால் கணக்கில் சேரும் அலகு) எடுத்துவிட்டாள், நம் பிள்ளை மட்டும் பின்னுக்கு நிற்கிறானோ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கொழும்பு காலி வீதியில் உள்ள ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். 'உயர்தரம் படிக்கும்போதே பட்டப்படிப்பு, 60 கிரெடிட், வார இறுதி வகுப்பு, மாத முடிவுக்குள் முற்பணம்.'

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: முற்பணத்தை இப்போது கட்டாதீர்கள். காரணங்களை ஆறுதலாகச் சொல்கிறேன்.

இந்தக் 'கல்லூரி' என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. கொழும்பில் நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்தே காலேஜில்தான் படிக்கிறார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி என்றால் அது பாடசாலை. அமெரிக்காவில் காலேஜ் என்றால் பெரும்பாலும் பல்கலைக்கழகப் படிப்பு. கனடாவில் காலேஜ் வேறு, யூனிவர்சிட்டி வேறு. ஸ்காபரோவில் இருக்கும் சென்டெனியல் காலேஜ் 1966இல் தொடங்கிய, தொழில்சார் படிப்புகளுக்குப் பெயர்போன கல்லூரி. ஒன்ராறியோ மாகாணத்தில் 'இரட்டைக் கிரெடிட்' என்று ஒரு திட்டம் உண்டு. பாடசாலை மாணவர் இப்படிப்பட்ட ஒரு கல்லூரியின் பாடத்தைப் படித்தால், அது பாடசாலைச் சான்றிதழுக்கும் கணக்கில் வரும், பிறகு அந்தக் கல்லூரிப் படிப்புக்கும் கணக்கில் வரும். உங்கள் மருமகள் செய்தது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். நல்ல விஷயம். ஆனால் அது அந்த மாகாணத்தின் பாடசாலையும் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அதில் சேர முடியாது.

அமெரிக்காவில் இது இன்னும் பழைய கதை. மினசோட்டா மாநிலம் 1985லேயே பாடசாலைப் பிள்ளைகள் கல்லூரியில் போய்ப் படிக்கச் சட்டம் கொண்டு வந்தது. இன்னொரு வழி ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) பரீட்சை. பாடசாலையிலேயே கல்லூரி மட்டத்துப் பாடம் படித்து, மே மாதம் பரீட்சை எழுதினால் 1 முதல் 5 வரை புள்ளி. 3 எடுத்தாலே கிரெடிட் தருகிற பல்கலைக்கழகங்களும் உண்டு, 5 எடுத்தாலும் ஒன்றும் தராதவையும் உண்டு. அங்குள்ள டார்ட்மவுத் கல்லூரி 2014இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து ஏ.பி.க்குக் கிரெடிட் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கிரெடிட் கொடுப்பதா இல்லையா என்பது வாங்குகிற பல்கலைக்கழகத்தின் விருப்பம். விற்கிறவர் சொல்வதற்கு அங்கே பெறுமதி இல்லை.

சரி, இனி உங்கள் மகன், நம் தம்பியின் விஷயத்துக்கு வருவோம். அவர் உயர்தரத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய கடைசிப் பாடசாலைக் கட்டத்தில், கணிதப் பிரிவில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படிக்கிறார். இந்தப் பாடங்களில் இருக்கும் ஆழம் வட அமெரிக்காவின் சாதாரண பன்னிரண்டாம் வகுப்பில் இல்லை. வகையீடு, தொகையீடு, சேதன இரசாயனம் எல்லாம் அங்கே பல்கலைக்கழக முதல் ஓரிரு வருடங்களில் திரும்ப வரும். அதனால்தான் லண்டன் ஏ லெவல் (பிரித்தானிய உயர்தரம்) எழுதியவர்களுக்கு டொரொண்டோ உட்படப் பல வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நல்ல பெறுபேற்றுக்கு முதல் வருடப் பாடங்கள் சிலவற்றைக் கழித்துத் தருகின்றன. நமது உள்ளூர் உயர்தரத்துக்கும் அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் அப்படித் தருவதுண்டு. இடத்துக்கு இடம் வேறுபடும். இங்கிலாந்தில் இந்தப் பேச்சே இல்லை. அங்கே பட்டம் மூன்று வருடம், ஏ லெவல் அதற்குள் நுழையும் கதவு மட்டும்.

ஆக, தம்பி கிரெடிட் எடுக்கவில்லை என்று கவலைப்படுகிறீர்களே, அவர் தினமும் இரவு பதினொரு மணிவரை இருந்து செய்வது அதைத்தான். அந்த மூன்று பாடத்தில் வரும் 'ஏ'யோ 'பி'யோதான் நாளைக்கு எந்த நாட்டிலும் கையில் இருக்கும் காசு. (நம் வீடுகளில் கிரெடிட் என்றால் 'சி', அதாவது திறமைச் சித்தி. அம்மம்மாவிடம் '60 கிரெடிட்' என்று சொல்லிப் பாருங்கள், பயந்துபோவார்.)

இப்போது அந்தத் தாளில் உள்ள 60 கிரெடிட்டுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் வடிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கொழும்பில் பெற்றோர் காசு இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கிரெடிட் என்பது உலகம் முழுவதும் ஒரே அளவு இல்லை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் (படிப்புகளை மட்டம் பிரிக்கும் முறை) ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். வகுப்பு, வீட்டுப் படிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து. வருடத்துக்கு 30 கிரெடிட், மூன்று வருடப் பட்டம் 90. பிரித்தானியக் கணக்கில் ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம்தான். வருடத்துக்கு 120, ஹொனர்ஸ் பட்டத்துக்கு 360. அமெரிக்காவில் நாலு வருடப் பட்டம் சுமார் 120 கிரெடிட், அது வேறு கணக்கு. எனவே 60 கிரெடிட் என்று மொட்டையாக எழுதினால், இலங்கைக் கணக்கில் அது இரண்டு வருடப் படிப்பு, பிரித்தானியக் கணக்கில் அரை வருடப் படிப்பு. தாளில் எந்தக் கணக்கு என்று இல்லை. நான் பார்த்தவரையில் இப்படிச் சொல்லாமல் விடுவது தற்செயலாக நடப்பதில்லை.

அரை வருடம் என்றே வைத்துக்கொள்வோம். 600 மணித்தியாலம். சனி, ஞாயிறில் மூன்று மூன்று மணித்தியாலம் வகுப்பு, வாரநாட்களில் இன்னும் ஆறு மணித்தியாலம் தனிப்படிப்பு என்றால், வாரத்துக்குப் பன்னிரண்டு. 50 வாரம் வேண்டும். அந்தச் சனி ஞாயிறில் இப்போது தம்பி எங்கே இருக்கிறார்? இணைந்த கணித டியூசனில். இரண்டில் ஒன்று விட்டுப்போகும், எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது 'லெவல் 3' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கவனித்தீர்களா? இலங்கைச் சட்டகத்தில் உயர்தரம் மட்டம் 2, மட்டம் 3 என்றால் அதற்கு மேலே ஒரு வருட டிப்ளோமா. பிரித்தானிய மட்டத்தில் 3 என்றால் ஏ லெவலுக்குச் சமம். பட்டத்தின் முதல் வருடம் 4இல்தான் தொடங்கும். தொழிற்பயிற்சித் தகைமையான என்.வி.கியூ.விலும் ஒரு மட்டம் 3 இருக்கிறது, அது இரண்டுக்கும் சம்பந்தமில்லாதது. அந்தத் தாளில் வெளிநாட்டு நிறுவனத்தின் சின்னம் இருப்பதால் இது பிரித்தானிய மட்டம் 3 என்றுதான் படுகிறது. அப்படியானால் அது ஃபவுண்டேஷன். பட்டத்தின் ஒரு பகுதி கிடையாது, பட்டத்துக்குள் போகிற கதவு. உயர்தரம் சித்தியடையப் போகிற பிள்ளைக்கு அதே வேலைக்கு இரண்டாவது கதவுக்கு ஏன் காசு கட்ட வேண்டும்?

ஃபவுண்டேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. உயர்தரம் ஒத்துவராத பிள்ளைகளுக்கு அது உண்மையான வழி. ஆனால் அதற்காக உயர்தரத்தை விட்டுவிடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். உதாரணத்துக்கு, வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே பதிவு செய்யப் போனால், உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் என்ன பெறுபேறு என்று மருத்துவ சபை கேட்கும்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் இருந்து வந்த அறிவு அல்ல. உயர்தரம் எழுதிவிட்டு இருந்த காலத்தில் அப்பா கடன் வாங்கி என்னை ஒரு கணினி டிப்ளோமாவில் சேர்த்தார். 'நேரே இரண்டாம் வருடம்' என்று அங்கேயும் சொன்னார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு பட்டப்படிப்புக்கு அந்தச் சான்றிதழைக் கொண்டுபோனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மிக மரியாதையாகக் கேட்டார்: பாடத்திட்டம் எங்கே, மணித்தியாலக் கணக்கு எங்கே, புள்ளி அறிக்கை எங்கே. மூன்றும் இல்லை. பொன் எழுத்தில் அச்சடித்த சான்றிதழ் மட்டும் இருந்தது. அப்பாவிடம் அதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

ஆகவே அந்த நிறுவனத்திடம் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். இரண்டே விஷயம் எழுத்தில் கேளுங்கள். இந்தத் தகைமையை வழங்குவது யார், எந்தச் சட்டகத்தில் எந்த மட்டம். அப்புறம், இதை ஏற்று இரண்டாம் வருடத்தில் சேர்க்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் என்ன. பெயரைச் சொன்னால், நிறுவனத்தின் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்குத் தம்பியே ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். பதில் வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். மாத முடிவுக்குள் கட்டினால்தான் கட்டணக் கழிவு என்றால், கழிவு போகட்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பற்றிச் சந்தேகம் இருந்தால் வோட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

அமெரிக்கா பக்கம் உண்மையில் யோசனை இருந்தால், கொள்ளுப்பிட்டியில் ஃபுல்பிரைட் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே எஜுகேஷன் யூ.எஸ்.ஏ. என்ற, அமெரிக்கப் படிப்புக்கான ஆலோசனைச் சேவையின் ஆலோசகர்கள் உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்திடமும் தரகு வாங்காதவர்கள் என்பதால் நான் அனுப்பும் முதல் இடம் அதுதான்.

நமக்கு ஸ்காபரோவின் இரட்டைக் கிரெடிட் இல்லாவிட்டாலும் வேறொன்று தாராளமாக இருக்கிறது: இடைவெளி. உயர்தரம் எழுதிய நாளிலிருந்து அரச பல்கலைக்கழகக் கதவு திறக்கும்வரை பல மாதம், சில அணிகளுக்கு ஒரு வருடத்துக்கும் மேல். பிள்ளைகள் அதைத் தூக்கத்திலும் கிரிக்கெட்டிலும் கழிப்பதுண்டு. (முதல் ஒரு மாதம் கழிக்கட்டும், பாவம்.) பிறகு அந்தக் காலத்தில் செய்யக்கூடியவை நிறைய. கணக்கியல் பிடித்தால் ஏ.ஏ.டி. அல்லது சிமா என்ற கணக்காளர் அமைப்புகளின் ஆரம்பப் பாடங்கள்; சித்தியடைந்த பாடம் அந்த அமைப்பின் பதிவேட்டில் உங்கள் பெயரில் நிற்கும், பட்டப்படிப்போடு சேர்த்துத் தொடரலாம். கணினி என்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் மென்பொருள் பயிற்சி இருக்கிறது. அதில் கிரெடிட் கிடையாது, ஆனால் பொறியியல் தனக்குச் சரிவருமா என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். ஆங்கிலம் தம்பிக்குக் கொஞ்சம் தட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் அந்த இடைவெளியில் முதல் வேலை அதுதான்.

உங்கள் தம்பியிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: மருமகள் எடுத்த பாடங்கள் எந்தக் கல்லூரியுடையவை, அவள் போகப்போவது கல்லூரிக்கா பல்கலைக்கழகத்துக்கா? பல்கலைக்கழகத்துக்கு என்றால், அவளும் இதே கேள்வியை அங்கே எழுதிக் கேட்க வேண்டியிருக்கலாம்.

தவணைப் பரீட்சை முடியட்டும். அதற்கு அடுத்த சனிக்கிழமை டியூசன் விட்டபிறகு தம்பியை வரச் சொல்லுங்கள், நான் ஐந்து மணிவரை இருப்பேன். சாதாரண தரப் பெறுபேற்றையும் கடைசி இரண்டு தவணைப் புள்ளிகளையும் கொண்டு வரட்டும். விளம்பரத் தாளின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், பணம் திருப்பித் தரும் நிபந்தனை வழக்கமாக அங்கேதான் இருக்கும்.