நீங்களே கொடுத்த ஆதார் என்றாலும் தனியுரிமை உண்டு

வணக்கம். வேளச்சேரியில் வாடகை வீட்டுக்காக நீங்கள் கொடுத்த ஆதார் நகலை அசோசியேஷன் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார், கேட்டால், "நீங்களே கொடுத்ததுதானே, இதில் என்ன ரகசியம்?" என்கிறார். அவர் சொல்வது தவறு, விட்டுவிடாதீர்கள்.

தகவலை ஒளித்து வைப்பது மட்டுமே தனியுரிமை இல்லை. எதற்காகக் கொடுத்தோமோ அதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் உதாரணமே இருக்கிறது: மருத்துவ ஆலோசனைச் செயலி உங்கள் போனிலுள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது, நீங்களும் சரி என்கிறீர்கள். அப்போதும் அந்தச் சம்மதம் ஆலோசனைக்குத் தேவையான தகவலுக்கு மட்டும்தான் செல்லும். உங்கள் விஷயமும் இதேதான். வாடகைதாரர் விவரத்துக்காகக் கொடுத்தீர்கள், குழுவில் காட்ட இல்லை.

படத்தை நீக்கச் சொல்லிச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். யாராவது ஏற்கெனவே சேமித்திருக்கலாம், அதனால் ஆதார் இணையதளத்தில் கைரேகை, கருவிழி போன்ற பயோமெட்ரிக் பதிவுகளை இன்றே பூட்டிவிடுங்கள். அப்புறம், இனி யார் நகல் கேட்டாலும் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரையே கொடுங்கள்; அதே தளத்தில் கிடைக்கும்.