கல்குலஸ் என்றால் சிறு கல்

ஐயா, அறிக்கையில் இருக்கும் 'ரீனல் கல்குலஸ், 4 மில்லிமீற்றர்' என்பது சிறுநீரகக் கல்லைக் குறிக்கும்; சிறுநீரகச் செயலிழப்பின் பெயர் அல்ல. வவுனியாப் பக்கத்தில் பலரைப் படுக்கையில் தள்ளிய நோய் பரந்தனில் உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டதோ என்று இரண்டு கிழமையாக உறங்காமல் இருக்கிறீர்கள். அந்த நோய் பெரும்பாலும் வலியே காட்டாமல் சிறுநீரகத்தை அரிக்கும். உங்களுக்கு வந்தது விலாவில் கிளம்பி அடிவயிறு வரை இறங்கிய வலி. அது கல்லின் வேலை. மனம் ஆற, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கல்குலஸ் என்றால் இலத்தீனில் கூழாங்கல். சுண்ணாம்புக் கல்லைக் குறிக்கும் 'கால்க்ஸ்' என்ற சொல்லின் சிறு வடிவம் அது. ரோமர் கூழாங்கற்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். உங்கள் மகள் இணைந்த கணிதத்தில் படிக்கும் நுண்கணிதத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் வந்தது அப்படித்தான். 1808இல் ஹம்ப்ரி டேவி கல்சியத்துக்குப் பெயர் வைத்ததும் கால்க்ஸிலிருந்தே. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கல்சியக் கற்கள். தமிழ்க் 'கல்' அதில் ஒலிப்பது வெறும் தற்செயல்.

கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்து, அதுதான் கல்லாகிறது என்று கிணற்றுத் தண்ணீரைக் குறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் பிழை. வெயிலில் வயலில் நிற்பவர் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் தடித்துக் கல் வளரும். நாளுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடியுங்கள். கல்லுக்குப் பயந்து தக்காளியை விலக்க வேண்டாம், தாராளமாகச் சாப்பிடலாம். இந்த அளவுக் கல் அநேகமாகத் தானாகவே இறங்கிவிடும். சிறுநீரைத் துணியில் வடித்துப் பாருங்கள், மணல்போல ஏதும் தங்கினால் எடுத்துவாருங்கள்.

பாமசியில் கேட்டு வாங்கி நாளுக்கு மூன்று டைக்ளோபெனாக் என்ற வலிக் குளிசை போடுவதை இன்றே நிறுத்துங்கள். எந்த நோய்க்கு அஞ்சுகிறீர்களோ, அந்தச் சிறுநீரகத்தைத்தான் அது தாக்கும். இன்னொரு கேடும் உண்டு: அது காய்ச்சலை மறைத்துவிடும். எனக்குப் பயம் அந்தக் காய்ச்சலில்தான். வலியோடு உடல் நடுங்கிக் காய்ச்சல் அடித்தால், அடைத்த கல்லுக்கு மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகுகிறது என்று பொருள். சில மணி நேரத்தில் கிருமி இரத்தத்தில் கலந்து உயிரைக் குடிக்கும். சிறுநீர் அறவே நின்றாலும் அப்படியே அவசரம். நடுச்சாமமானாலும் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போங்கள்; கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.