மூன்றாவது வளைவில் என்ன ஆச்சு?

கேள்வி: பார்முலா ஒன் அணிகளில் காரைச் சோதித்து ஓட்டிப் பார்க்க டெஸ்ட் டிரைவர் என்று ஒருவர் இருக்கிறாரே, ரேஸில் இடம் கிடைக்காதவரைச் சமாதானப்படுத்தக் கொடுக்கும் பதவியா அது?

பதில்: இடம் கிடைக்காதவர் என்பது பெரும்பாலும் சரிதான். சமாதானப் பதவி என்பதுதான் தப்பு. 2009-க்கு முன்பு சீசன் நடக்கும்போதே சோதனை ஓட்டம் வைத்துக்கொள்ளலாம் என்பதால், ரேஸ் டிரைவரைவிட டெஸ்ட் டிரைவர் அதிக கிலோமீட்டர் ஓட்டிய வருடங்கள்கூட உண்டு. ஷூமாக்கர் 2000 முதல் 2004 வரை வரிசையாக ஐந்து பட்டம் வென்றாரே, அந்த ஃபெராரி கார்களையெல்லாம் சோதனையில் ஓட்டித் தள்ளியவர் லூகா படோயர். இவர் கதையைக் கேட்டால் பாவமாக இருக்கும். 1999-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில், மினார்டி என்ற ஏழை அணியின் காரில் நான்காவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார், முடிய இன்னும் கொஞ்சம் சுற்றுகள்தான், கியர்பாக்ஸ் போய்விட்டது. இறங்கி, காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

அப்புறம் பத்து வருடம் ரேஸே இல்லை. 2009-ல் ஃபெராரியின் ரேஸ் டிரைவர் மாஸாவுக்கு அடிபட்டதும் படோயரைக் கூப்பிட்டு அந்தக் காரில் உட்கார வைத்தார்கள். வலென்சியா, ஸ்பா என்று இரண்டு பந்தயம், இரண்டிலும் ஓடி முடித்தவர்களில் கடைசி. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அதே 2009-ல்தான் சீசன் நடுவே சோதனை ஓட்டத்துக்குத் தடை வந்திருந்தது, அதாவது டெஸ்ட் டிரைவருக்கே அந்த வருடக் காரில் பழக வழியில்லை! இதை எழுதியவர்கள் குறைவு.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. மெக்லாரனில் டெஸ்ட் டிரைவராக இருந்த பெத்ரோ டி லா ரோசா, 2006-ல் அந்த அணியின் ரேஸ் டிரைவர் மோன்டோயா விலகியதும் நடுவில் வந்து ஹங்கேரியில் இரண்டாவது இடம் பிடித்தார். நம் நரேன் கார்த்திகேயனும் 2005-ல் ஜோர்டானில் ரேஸ் ஓட்டிவிட்டு, அடுத்த இரண்டு வருடம் வில்லியம்ஸில் டெஸ்ட் டிரைவராக இருந்தவர்தான்.

கேள்வி: அப்படி நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்? சும்மா சுற்றிச் சுற்றி வருவதா?

பதில்: ஆமாம், சுற்றிச் சுற்றித்தான், ஆனால் ஒரே மாதிரி சுற்ற வேண்டும், அதுதான் கஷ்டம். காலையில் பழைய முன் இறக்கையோடு (காரைத் தரையோடு அழுத்தி வைக்கும் பலகை அது) ஐந்து சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியதை மாட்டி இன்னொரு ஐந்து. 0.2 வினாடி குறைகிறது. இன்ஜினியர் சிரிக்கிறார். ஆனால் இதற்குள் டிராக்கில் ரப்பர் படிந்து பிடிப்பு கூடியிருக்கும். எரிபொருள் 10 கிலோ குறைந்தாலே ஒரு சுற்றுக்குச் சுமார் 0.3 வினாடி மிச்சமாகும். எனவே எரிபொருளைச் சரிசெய்து, பழைய இறக்கையையே திரும்ப மாட்டி மறுபடி ஓட்டச் சொல்வார்கள். அந்த 0.2 இறக்கையால் வந்ததா, டிராக்கால் வந்ததா, இல்லை டிரைவருக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டதா என்று பிரித்தறிய வேண்டுமே. மூன்றாவது காரணத்துக்கு இடமே கொடுக்காதவர்தான் நல்ல டெஸ்ட் டிரைவர்.

அடுத்தது சொல்லத் தெரிய வேண்டும். “கார் சரியில்லை” என்பதை நானே சொல்லிவிடுவேன். “வளைவுக்குள் நுழையும்போது பின்பக்கம் மிதக்கிறது, நடுவில் மூக்கு உள்ளே வர மாட்டேன் என்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சரியாகிவிடுகிறது” என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னால்தான் இன்ஜினியரால் எதையாவது திருக முடியும். நான் ஒருமுறை சிமுலேட்டரில், அதாவது திரைக்கு முன் நிஜக் கார் மாதிரியே ஓட்டிப் பார்க்கும் இயந்திரத்தில், உட்கார்ந்து ஆறு சுற்று ஓட்டினேன். இறங்கியதும், “மூன்றாவது வளைவில் என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள். எனக்கு மூன்றாவது வளைவு என்று ஒன்று இருந்ததே நினைவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டேன். இப்போது டெஸ்ட் டிரைவர் வேலையில் பெரும்பகுதி இந்தச் சிமுலேட்டரில்தான். பந்தய வாரத்தில் வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும், தொழிற்சாலையில் ஒருவர் ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்து, மறுநாளைக்கான யோசனைகளை டிராக்கிலிருக்கும் அணிக்கு அனுப்புவார். டிவியில் அவர் முகம் வராது.

கேள்வி: ரேஸைவிட சோதனை ஓட்டம் பாதுகாப்பானதுதானே? பக்கத்தில் வேறு கார் இல்லையே!

பதில்: வேறு கார் இல்லைதான். முன்பெல்லாம் காப்பாற்ற ஆளும் இருக்காது. 1986-ல் பால் ரிக்கார்ட் டிராக்கில் சோதனையின்போது பார்முலா ஒன் ஓட்டுநர் எலியோ டி ஏஞ்சலிஸின் பிராபம் அணிக் காரில் பின் இறக்கை பிய்த்துக்கொண்டு, கார் தடுப்பைத் தாண்டி விழுந்து தீப்பிடித்தது. பந்தய நாள் என்றால் மூலைக்கு மூலை மார்ஷல்கள் என்ற பாதுகாப்பு ஊழியர்கள் நிற்பார்கள். அன்று போதுமான ஆள் இல்லை, ஹெலிகாப்டர் வரவே அரை மணி நேரம் ஆனது. அடிபட்டதைவிட புகைதான் அவர் உயிரை எடுத்தது. பந்தய ஓட்டுநர் கென் மைல்ஸும் 1966-ல் ரிவர்சைடில் ஃபோர்டின் சோதனைக் காரில்தான் இறந்தார், லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. வீடியோ கேமில் பிரமாதமாக ஓட்டுகிறான். பார்முலா ஒன் கனவு காணலாமா?

பதில்: கனவுக்கு வரி இல்லை, காணட்டும். ஆனால் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அவனோடு மோதப் போகிறவர்கள் ஏழெட்டு வயதிலேயே கோ-கார்ட் என்ற சின்ன ரேஸ் வண்டியில் உட்கார்ந்தவர்கள். பார்முலா ஒன் ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும்: பொதுவாக 18 வயது, கீழ்மட்டப் பந்தயங்களில் மூன்று சீசன்களில் 40 புள்ளிகள், பார்முலா ஒன் காரில் 300 கிலோமீட்டர். வெர்ஸ்டப்பன் 2015-ல் 17 வயதில் வந்த பிறகுதான் இந்த வயது வரம்பு வந்தது. பணம் தனிக் கதை, கீழ்மட்டத்தில் ஓட்டுநர்தான் அணிக்குக் காசு கொண்டுவர வேண்டும், அணி அவருக்குத் தராது. முதலில் ஒரு கார்ட்டில் உட்கார வையுங்கள். கழுத்தும் விலாவும் வலிக்க இறங்கிய பிறகும் “இன்னொரு தடவை” என்கிறானா பாருங்கள். பார்முலா ஒன் தவிர நீண்ட தூரப் பந்தயம், டயர் சோதனை என்று வேறு பாதைகளும் உண்டு. 1996-ல் 22 வயதில் லெ மான்ஸ் ஜெயித்த அலெக்ஸ் வுர்ஸ், நடுவில் மெக்லாரனில் பல வருடம் டெஸ்ட் டிரைவர், 2009-ல் திரும்பவும் லெ மான்ஸ் ஜெயித்தார்.

கேள்வி: டெஸ்ட் டிரைவர் பெயரில் கார் உண்டா?

பதில்: உண்டு. வலென்டினோ பால்போனி 1968-ல் லம்போர்கினியில் மெக்கானிக்காகச் சேர்ந்து டெஸ்ட் டிரைவர் ஆனவர், மொத்தம் 40 வருடம். 2009-ல் அவர் பெயரிலேயே லம்போர்கினியின் கயார்டோ மாடலில் ஒரு கார் வந்தது, 250 கார்கள். மற்ற கயார்டோக்களில் நான்கு சக்கரமும் இழுக்கும், இதில் பின் சக்கரம் மட்டும். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்.