ஹைதராபாத் நாணயச்சாலைக் காசுகளை மட்டும் சேர்க்க ஆசை. சில்லறையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். சாய்சதுரம் மும்பை, வட்டப் புள்ளி நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா.

தேய்ந்த காசில்தான் சிக்கல். முனைகள் மழுங்கி, நட்சத்திரம் நொய்டாப் புள்ளி மாதிரியே தெரியும். லென்ஸ் வைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். முனை இருந்தால் அதன் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஹைதராபாத் காசுகள் சிலவற்றில் பிளந்த சாய்சதுரமும் உண்டு, மும்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள்!

1997-இல் நாணயச்சாலை சைஃபாபாதிலிருந்து செர்லபள்ளிக்கு மாறியது. அதற்கு முந்தைய காசுகளைத் தனியாக வைப்பது எனக்குப் பிடிக்கும். தயவுசெய்து எதையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த இயற்கையான நிறம் திரும்ப வராது.