நடுவானத்து வானிலையை யார் சொல்கிறார்கள்? – கேள்வி பதில்

விமானங்களுக்குப் பயணத் திட்டம் போடும் டிஸ்பாட்ச் மேஜையில் பல வருடம் இருந்தவன் நான். வானிலை வரைபடங்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் போகும்போது வழியில் உள்ள வானிலையை எந்த நாடு சொல்லும் சார்?

புறப்படும் இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் அந்தந்த நாடு. சென்னைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை. நடுவழிக் காற்று, குளிர், இடிமேகம் எல்லாம் உலகம் முழுவதற்கும் இரண்டே மையங்களிலிருந்து வருகின்றன: லண்டன், வாஷிங்டன். பெயர்தான் அப்படி, வேலை நடப்பது இங்கிலாந்தின் எக்ஸெட்டரிலும் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியிலும். 1982-ல் ஐகாவோ, அதாவது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கூட்டத்தில் முடிவான ஏற்பாடு இது.

கேள்வி: ஒரு மையம் முடங்கினால்?

இன்னொன்று அதன் பங்கையும் சேர்த்துப் பார்க்கும்.

கேள்வி: வரைபடத்தை இப்போது கணினியே போடுகிறதாமே அண்ணா, அதில் என்ன லாபம்?

பெரிய லாபம் தம்பி. முன்பு இரு மையத்து நிபுணர்களும் உலகைப் பங்கு பிரித்துக்கொண்டு, 24 மணி நேரம் கழித்து வரும் ஒரே ஒரு வேளைக்கு வரைவார்கள். நாளுக்கு நான்கு முறை. வரைந்து முடித்து நம் கைக்கு வருவதற்குள் அந்த 24 மணியில் பல மணி நேரம் கழிந்துவிடும். பதினாறு மணி நேரம் பறக்கும் விமானத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தால், கடைசி சில மணி நேரத்துக்குரிய வரைபடம் இன்னும் வந்திருக்காது. அது எனக்கு எப்போதும் உறுத்திக்கொண்டே இருந்த விஷயம். இப்போது 6 மணி நேரம் கழித்து வரும் வேளையிலிருந்து 48 மணி நேரம் கழித்து வரும் வேளை வரை, மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாகக் கிடைக்கிறது. முழு மனதோடு வரவேற்கிறேன்.

கேள்வி: பைலட் பயிற்சியில் இருக்கிறேன். மேகத்தைச் சுற்றி வளைவு வளைவாகக் கோடு, பக்கத்தில் 450, கீழே எக்ஸ்எக்ஸ்எக்ஸ். இது என்ன?

எண்கள் நூறு அடிக் கணக்கில். 450 என்றால் இடிமேகத்தின் உச்சி 45,000 அடி வரை போகும். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் மேகத்தின் அடிப்பகுதி, அந்த வரைபடம் தொடங்கும் உயரத்துக்கும் (உயர்மட்ட வரைபடத்தில் 25,000 அடி) கீழே. அதாவது மேகம் 25,000 அடியில் தொடங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: இரு மையமும் வேறு வேறாகச் சொன்னால் எதை நம்புவது?

டர்புலன்ஸ் (விமானத்தைக் குலுக்கும் காற்றுக் கொந்தளிப்பு), இடிமேகம் போன்றவற்றுக்கு இரண்டு கணிப்பையும் கலந்தே ஒரு தரவாகத் தருகிறார்கள். அதனால் எந்த மையத்திலிருந்து எடுத்தாலும் ஒன்றுதான்.

கேள்வி: அப்படியானால் இனி மனிதர்கள் வேண்டாமா?

வேண்டும். உங்கள் வழியில் திடீரென்று கிளம்பும் இடிமழைக்கு எச்சரிக்கை விடுவது அந்தந்த நாட்டு அலுவலகம்தான். நம் பக்கம் சென்னையும் அதில் ஒன்று. வங்கக்கடல் புயலுக்கு டெல்லி மையம். எரிமலைச் சாம்பலுக்கு உலகில் ஒன்பது மையங்கள். அப்புறம், பறக்கும் விமானங்களே காற்றையும் வெப்பநிலையையும் அளந்து கீழே அனுப்புகின்றன. 2020-ல் விமானங்கள் தரையில் நின்றபோது அந்தத் தரவும் மளமளவென்று குறைந்துபோனது.