தேர்வுத்தாள் மாறினால் பள்ளி மாறுமா?

கண்டிப்பாக மாறும். தேர்வில் எது வருகிறதோ, அதுதான் வகுப்பில் நடக்கும்.

‘கெடிலம் ஆறு எங்கே கடலில் கலக்கிறது?’ என்று கேட்டால் ‘கடலூர்’ என்று மனப்பாடமாக எழுதிவிடலாம். ‘வடகிழக்குப் பருவமழையில் கடலூரில் வெள்ளம் வடிய ஏன் தாமதமாகிறது? வரைபடம் பார்த்து விளக்கு’ என்று கேட்டுப் பாருங்கள். நிலத்தின் சாய்வு, முகத்துவாரம், கடலின் ஏற்றம் எல்லாவற்றையும் ஆசிரியர் பேசியே ஆகவேண்டும். அப்படிப்பட்ட வகுப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும்.

பக்கத்துப் புதுச்சேரியில் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24 முதல் சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கின. அந்த வாரியத்தின் 10ஆம் வகுப்புத் தாளில் பாதி, திறன் சார்ந்த கேள்விகள்; அதாவது, படித்ததைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பார்ப்பவை.

அப்புறம், தாள் மட்டும் போதாது. திருத்திய விடைத்தாளில் மதிப்பெண்ணோடு, எந்த இடத்தில் பிசகியது, அடுத்து என்ன செய்யலாம் என்று இரண்டு வரி வேண்டும். அதை எழுத ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் கொடுங்கள்.